சுவர்க்கோழிகளுக்கு ஞாயிறு விடுமுறை

அந்தக் கோடையில் எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கடிதம். டாக்டர் ஓஸ்ட்ராண்டர் என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதும் சிபாரிசுக் கடிதம். அது கிடைத்தால் பூச்சியியலில் மேற்படிப்பு. கிடைக்காவிட்டால் வடக்கு டகோட்டாவில் எங்கள் ஊர் சர்க்கரை ஆலையில், சர்க்கரை காய்ச்ச லாரி லாரியாக வந்து கொட்டும் பீட்ரூட்டுக்கு முன்னால் மண்வெட்டியோடு நிற்க வேண்டியதுதான். என் இரண்டு அண்ணன்களும் அங்கேதான் நிற்கிறார்கள். எனக்கும் ஓர் இடம் பிடித்து வைத்திருப்பதாக கிறிஸ்துமஸ் சாப்பாட்டின்போதே சொல்லிவிட்டார்கள், பாசக்காரப் பாவிகள்.

எங்கள் கல்லூரி சின்னது. உயிரியலுக்கு இரண்டே ஆசிரியர்கள். அதில் ஒருவர் கால்பந்துப் பயிற்சியும் கொடுப்பார். ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்றால் நூலகத்துக்கு வழி காட்டுவார்கள். அதனால், கான்சாஸில் ஒரு பெரிய பல்கலைக்கழகம் பத்து வாரக் கோடைப் பயிற்சிக்கு என்னைத் தேர்ந்தெடுத்தபோது வீட்டில் ஒரு கேக் வெட்டினோம். 'பல துறைகள் கைகோக்கும் ஆராய்ச்சி' என்று அழைப்பில் போட்டிருந்தது. எப்படிக் கைகோக்கும் என்பது போன பிறகுதான் தெரிந்தது. பூச்சிக்குத் தனி அறை கிடையாது. கம்ப்யூட்டருக்கும் கிடையாது. இரண்டையும் ஒரே அறையில் தள்ளிக் கதவைச் சாத்தினால் அதற்குப் பெயர் பல துறை.

அந்த அறை பழைய கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. மரத்தரை. ஒரு சுவர் நீளத்துக்கும் அலமாரி. அதில் நாற்பத்தெட்டு ஆண் சுவர்க்கோழிகள், ராத்திரியில் இறக்கையை உரசிக் கத்துமே அந்தப் பூச்சிகள், தலைக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில். ராத்திரி பகல் தெரியக்கூடாது என்று எப்போதும் ஒரே மங்கல் சிவப்பு வெளிச்சம். பொழுதே தெரியாமல் வைத்தால் அவை எந்த நேரத்தில் பாடும், எந்த நேரத்தில் ஓயும்? இதுதான் கேள்வி. பூச்சிகளைச் சாகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒவ்வொரு டப்பாவிலும் மைக் வைத்து, பாட்டை எண்ணும் கருவி செய்வது யமில் ரொசாரியோவின் வேலை.

யமில் போர்ட்டோ ரிக்கோக்காரன். அங்கே மாயகுவெஸ் என்ற ஊரில் மின்னியல் படிக்கிறான். வருஷம் முழுக்க வெயில் அடிக்கும் தீவில் பிறந்தவன் என்பதால், பாவம், இந்த ஏசியில் நடுங்குவானே என்று முதல் நாள் நினைத்தேன். அவன் உள்ளே வந்து மூக்கை உறிஞ்சி, "என்ன இது, அடுப்பங்கரை மாதிரி இருக்கு! இதுல என் சர்க்யூட் போர்டுங்க வெந்து போயிடுமே" என்றான்.

"போர்டை விடு. குளிர்ல என் பூச்சிங்க விறைச்சிடும்."

"நீ டகோட்டாதானே? அங்க மூக்கு ஒழுகினா அப்படியே ஐஸ் ஆயிடுமாமே. உனக்கு எதுக்கு இவ்வளவு சூடு?"

"எனக்கு இல்லடா. பூச்சிக்கு."

ஆக, பனியில் வளர்ந்தவள் வெயில் கேட்டாள். வெயிலில் வளர்ந்தவன் பனி கேட்டான். நடுவில் சுவரில் ஒரு தெர்மோஸ்டாட், அறைச் சூட்டைக் கூட்டிக் குறைக்க வட்டத் திருகு வைத்த பழைய மாடல். முதல் வாரக் கடைசியில், பாட்டைப் பதிவு செய்யத் தொடங்கும் முன், இந்த ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியர் டாக்டர் ஓஸ்ட்ராண்டர் வந்தார். அறுபது வயது, காலுறை மேல் செருப்பு, சட்டைப் பையில் எப்போதும் வறுத்த சூரியகாந்தி விதை. திருகை எழுபத்துநாலு டிகிரி ஃபாரன்ஹீட்டில் நிறுத்தி, அதன் மேல் குறுக்காக டேப் ஒட்டினார்.

"எழுபத்துநாலு. பத்து வாரம் முடியற வரைக்கும் எழுபத்துநாலு. சூடு மாறினா பாட்டு மாறும், பாட்டு மாறினா நம்ம வேலை குப்பை. எவனாவது தொட்டா கை இருக்காது. டெஸ்ஸா, தினமும் ஒன்பது மணிக்கு நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போடு."

அவர் செருப்புச் சத்தம் மாடிப்படியில் மறைவதற்குள் நான் டேப்பைப் பதமாக உரித்துவிட்டேன்.

என்னைத் திட்ட வேண்டாம். டப்பாவில் ஒரு பூச்சி மீசையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு மூலையில் குந்தியிருந்தது. என் கையில் ஒன்று செத்தாலும் கடிதம் கோவிந்தா. அதனால் காலை ஏழு மணிக்கு வந்ததும் திருகை எண்பதுக்கு ஏற்றுவேன். ஒன்பதுக்குள் எழுபத்துநாலில் கொண்டுவந்து நிறுத்தி, டேப்பை ஒட்டி, நோட்டில் 'கடந்த இருபத்துநாலு மணி நேரமும் 74, மாற்றமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனதும், யமில் வருவதற்கு முன், மறுபடி எண்பது. உடனே கழுத்தில் வியர்க்கும். பூச்சிகளும் தெம்பாக இருப்பது போலத் தோன்றும்.

ஆனால் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தால் திருகு அறுபத்தாறில் நிற்கும். யமில் சாப்பிடப் போன நேரம் பார்த்து மறுபடி ஏற்றுவேன். சாயங்காலம் எண்பதில் விட்டுப் போனால் மறுநாள் காலையில் எழுபத்தேழில் இருக்கும். கட்டிடத்தைப் பராமரிக்கும் வெர்லின்தான் கீழே எங்கோ உட்கார்ந்து இந்த வேலையைச் செய்கிறான் என்று முடிவு கட்டி, அவனுக்குக் காரசாரமாக மெயில் அனுப்பினேன். 'உங்கள் புகார் கவனிக்கப்பட்டது' என்று பதில் வந்தது. அடுத்த வாரம் மறுபடி அனுப்பினேன். மறுபடி கவனிக்கப்பட்டது.

ஆறாவது வாரம் டாக்டர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். பாட்டு சீராகப் போய்க்கொண்டிருக்கிறது. காலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரை வரை ஒரு பள்ளம். நடுப்பகலில் ஒரு பள்ளம். சாயங்காலம் ஐந்துக்கு ஒரு பள்ளம். தினம் மூன்று பள்ளம், கடிகாரம் வைத்தது போல.

"வெளிச்சம் ஒரே மாதிரி. சூடு ஒரே மாதிரி. இருந்தும் மூணு தடவை! இதுங்க உடம்புக்குள்ள ஏதோ ஒரு கடிகாரம் இருக்கு. இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்ல." பிறகு என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "சூடு மாறலன்னு எப்படி நம்பறதுன்னு ஹால்ஸ்டெட் கேட்டான். டெஸ்ஸாவோட நோட்டை நம்பலாம், என் பேரையே பந்தயம் வைக்கிறேன்னு சொல்லிட்டேன்."

ஹால்ஸ்டெட் துறைத் தலைவர். உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். ஆனால் அதே மூச்சில் டாக்டர், "உனக்குக் கடிதம் எழுத இதைவிட என்ன வேணும்" என்று சொல்லிவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஒன்பதாம் வாரத்து வெள்ளிக்கிழமை, எங்கள் போஸ்டர் அச்சுக்குப் போனது. அடுத்த வியாழக்கிழமை எல்லா மாணவர்களும் மண்டபத்தில் போஸ்டரை மாட்டி, போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் விளக்க வேண்டும். போஸ்டரில் இருந்தது சராசரி. அது அச்சுக்குப் போய் அரை மணி கழித்து, வேறு வேலை இல்லாமல், யமில் ஒவ்வொரு நாளையும் தனித்தனி வரியாகத் திரையில் அடுக்கினான். திங்கள், பள்ளம். செவ்வாய், பள்ளம். சனி ஞாயிறு வந்தால் சுத்தமாகச் சமதளம்.

"என்னடா இது, சனி ஞாயிறு பள்ளமே இல்ல?"

"வாரக் கடைசியில லீவு போல." பிறகு திரையில் ஒரு இடத்தைத் தொட்டான். "இங்க பாரு. ஒரு புதன்கிழமையும் சமதளம்."

தேதியைப் பார்த்தோம். ஜூலை நாலு. சுதந்திர தினம். அன்று நாங்கள் எல்லோரும் ஏரிக்கரையில் ஹாட் டாக் தின்றுகொண்டு வாண வேடிக்கை பார்த்தோம்.

"நல்ல தேசபக்திப் பூச்சிங்க" என்றான் யமில்.

இரண்டு பேரும் சிரித்தோம், தேவைக்கு மேலேயே சிரித்தோம். பிறகு அவன் அவசரமாகப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நானும் கிளம்பினேன். சுவர்க்கோழிக்கு ஜூலை நாலு தெரியாது. நான் வராத நாள் எது என்று மட்டும் தெரியும். அறுபத்தாறில் வைத்தது வெர்லினோ, வேறு யாரோ, அது எனக்கு அப்போது முக்கியமாகப் படவில்லை. எண்பதுக்கு ஏற்றியது நான்தான்.

அந்தச் சனி ஞாயிறு நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. சொன்னால் கடிதம் போச்சு. சொல்லாவிட்டால் டாக்டர் தன் பெயரைப் பந்தயம் வைத்த நோட்டோடு வியாழக்கிழமை மண்டபத்தில் நிற்பார். அக்டோபரில் ஒரு மாநாட்டில் நிற்பார். ஒருநாள் எவனாவது ஒரு கெட்டிக்காரன் காலண்டரைப் பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும் சிரிப்பான். யாருக்கும் தெரியாமல் தப்பிக்கலாம் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

திங்கள் காலை எட்டு மணிக்கு டாக்டர் அறைக்குப் போனேன். வாசலில், தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு யமில் உட்கார்ந்திருந்தான்.

"நீ எதுக்கு இங்க?"

"சும்மா. நீ?"

"நானும் சும்மாதான்."

கதவு திறந்தது. டாக்டர் எங்கள் இரண்டு முகத்தையும் பார்த்தார். "என்ன, யாராவது செத்துட்டாங்களா?"

"டாக்டர், தெர்மோஸ்டாட்டைத் திருகினது நான்தான்" என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

நான் சட்டென்று அவன் பக்கம் திரும்பினேன். "அறுபத்தாறுல வச்சது நீயா? பாவம், அந்த வெர்லினுக்கு ஆறு மெயில் போட்டேனே!"

"நான் ஒன்பது போட்டேன்! எண்பதுல வச்சு என்னை அவிச்சது நீயா? நீ சாப்பிடப் போற வரைக்கும் வேர்த்துக்கிட்டு உக்காந்திருப்பேன்டி!"

"பூச்சி செத்திருக்கும்!"

"போர்டு கருகியிருக்கும்!"

"நோட்டு" என்றார் டாக்டர்.

கொடுத்தேன். தாள்களைப் புரட்டினார். "மாற்றமில்லை. மாற்றமில்லை. மாற்றமில்லை." ஒவ்வொன்றுக்கும் என்னைப் பார்த்தார். "தினமும் மாத்திட்டு, தினமும் மாற்றமில்லைன்னு எழுதியிருக்க."

"ஆமா, டாக்டர்."

வெட்கத்தில் காது எரிந்தது. யமில்கூட என் பக்கம் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான்.

டாக்டர் திட்டவில்லை. ஒரு விதையை வாயில் போட்டுக்கொண்டு வரைபடத்தை இழுத்து வைத்துப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏழு மணிக்கு நீ சூட்டை ஏத்தற."

"ஆமா."

"சூடு ஏறினா சுவர்க்கோழி வேகமாப் பாடும். அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். அப்புறம் ஏழு மணிக்குப் பாட்டு ஏன் குறையுது?"

நாங்கள் இரண்டு பேரும் வரைபடத்தின் மேல் குனிந்தோம்.

"இவன் குறைச்சா பாட்டு குறையுது, சரி. நீ ஏத்தினாலும் குறையுது. எப்படி?" பேனாவால் மூன்றாவது பள்ளத்தைத் தட்டினார். "இந்த அஞ்சு மணிப் பள்ளம் யாரோடது?"

"நாங்க நாலரைக்கே போயிடுவோம், டாக்டர்" என்றான் யமில்.

டாக்டர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். முகத்தில் மெல்லச் சிவப்பு ஏறியது.

"அது நான்" என்றார். "வீட்டுக்குப் போறப்போ ஒரு எட்டுப் பார்ப்பேன். திருகு எங்கயோ கிடக்கும். டேப் சரியா ஒட்டல, நழுவியிருக்கும்னு நினைப்பேன். எழுபத்தேழுல வச்சா பூச்சிங்க கொஞ்சம் உற்சாகமா இருக்குமேன்னு..."

"தொட்டா கை இருக்காதுன்னு சொன்னீங்களே" என்று முணுமுணுத்தான் யமில்.

"என் டேப்பு. என் கை. உனக்கென்ன?"

வெர்லினைக் கூப்பிட்டு அனுப்பினார். வெர்லின் கையில் காபியோடு வந்தார். ஐம்பது வயது இருக்கும், பெல்ட்டில் ஒரு கூடைச் சாவி. அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திருகைக் காட்டினோம்.

"இதுவா? இதுல ஒயரே கிடையாது" என்றார்.

"என்னது?"

"பதினோரு வருஷம் ஆச்சு, எல்லாத்தையும் கீழ ஒரு கம்ப்யூட்டர்ல மாத்தி. மொத்தக் கட்டிடமும் எழுபத்துநாலு. இம்மி நகராது. திருகையும் கழட்டியிருப்போம், ஆனா கையில திருக ஒண்ணு இருந்தா ஜனங்க புகார் சொல்றது பாதியாக் குறையுது." எங்களை மாறி மாறிப் பார்த்தார். "ஒரே அறை, ஒரே நாள், ஒருத்தர் குளிருதுங்கறார், ஒருத்தர் வேகுதுங்கறார். சரி, நம்மளைக் கிண்டல் பண்றாங்கன்னு நினைச்சேன்."

டாக்டர் எங்களிடம் திரும்பினார். "எட்டு வாரமா இந்த அறையில ஒரு வெப்பமானி மாட்ட ஒருத்தருக்கும் தோணலையா?"

"அது கருவி, டாக்டர். கருவின்னா அவன் வேலை" என்றேன்.

"பூச்சிக்குத் தேவையானது. பூச்சின்னா அவ வேலை" என்றான் யமில்.

என் மண்டையில் அப்போதுதான் உறைத்தது. அறை ஒரு நாளும் எழுபத்துநாலைத் தாண்டவில்லை. வியர்த்ததும் நடுங்கியதும் எங்கள் மனசுதான். நான் நோட்டில் எழுதிய ஒவ்வொரு எண்ணும் நிஜம்!

யமிலும் அதைத்தான் நினைத்திருப்பான் போல. "உனக்குப் பொய்கூட ஒழுங்காச் சொல்ல வரல, டெஸ்ஸா" என்றான்.

பள்ளங்களுக்குக் காரணத்தையும் வெர்லினே காட்டிக் கொடுத்தார். போகிறபோது திருகுக்குக் கீழே இருந்த தரைப்பலகையை மிதித்தார்; அது ஆடியது; அலமாரி அதிர்ந்தது; நாற்பத்தெட்டுச் சுவர்க்கோழிகளும் ஒரே நேரத்தில் வாயை மூடின. அவர் வெளியே போய் அரை மணி கழித்துத்தான் ஒவ்வொன்றாக மறுபடி ஆரம்பித்தன. செவ்வாயும் புதனும் நாங்கள் கடிகாரம் பார்த்து அந்தப் பலகையில் குதித்துக் கணக்கெடுத்தோம். யார் திருகத் திருட்டுத்தனமாக நடந்தாலும் அங்கே ஒரு பள்ளம். உலகம் கண்டிராத கடிகாரம் எங்கள் ஆறு கால்கள்தான்.

பழைய போஸ்டர் குப்பைக்குப் போனது. வியாழக்கிழமை 'சொன்ன பேச்சை மூன்று பேர் கேட்காவிட்டால் நாற்பத்தெட்டுச் சுவர்க்கோழிகள் என்ன செய்யும்' என்ற புதுப் போஸ்டரை மாட்டினோம். தலைப்பு டாக்டர் வைத்தது. அன்று மண்டபத்தில் எங்களிடம்தான் அதிகக் கூட்டம். வெர்லின் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, ஹால்ஸ்டெட்டை மடக்கி வைத்து, அரை மணி நேரம் ஒயர் விளக்கினார்.

வெள்ளிக்கிழமை, ஊருக்குக் கிளம்பும் நாள், டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டார். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருந்தது. எல்லோரும் சிரித்தாயிற்று, எண்களும் சரியாகவே இருந்துவிட்டன.

"டாக்டர், கடிதம்... நோட்டுல இருந்தது எல்லாம் உண்மைதானே, ஒரு விதத்துல பார்த்தா."

"ஒரு விதத்துல." விதைத் தோலைக் கோப்பையில் துப்பினார். "நான் திருகினேன். அவன் திருகினான். எழுதினது நீ மட்டும்தான்."

அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. எல்லோரையும் போலத்தானே என்று நான் ஒளிந்துகொண்டிருந்த கூட்டத்திலிருந்து என்னைத் தனியாகப் பிடித்து வெளியே நிறுத்திவிட்டார். சரியாகத்தான் நிறுத்தினார் என்பதால் அழக்கூட முடியவில்லை.

"இதை வழக்கமா பசங்ககிட்ட காட்ட மாட்டோம்" என்று கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். "படி. அனுப்பவா வேண்டாமான்னு நீயே சொல்லு. வேண்டாம்னா அழிச்சிடறேன். உன்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா எங்கேயும் பேச மாட்டேன். ஆனா வேற கடிதம் எழுத மாட்டேன்."

படித்தேன். 'டெஸ்ஸா க்விஸ்ட் நுணுக்கமாக வேலை செய்பவள். நாற்பத்தெட்டுப் பூச்சிகளில் ஒன்றைக்கூடச் சாகவிடவில்லை. தெரிந்தே முப்பத்தெட்டு முறை பொய்க் குறிப்பு எழுதினாள். போஸ்டர் அச்சான பிறகு, யாரும் கேட்காமலே, தானாக வந்து சொன்னாள். இவளை உங்களிடம் அனுப்ப எனக்குச் சம்மதம்.' அவ்வளவுதான்.

இரண்டாவது வரி வரை படித்துவிட்டு 'ஆம்' என்பார்கள். மூன்றாவது வரியில் பாதிப் பேர் கடிதத்தை ஓரமாக வைத்துவிடுவார்கள். நாலாவது வரி வரை எத்தனை பேர் பொறுமையாக வருவார்கள்? ஆலையில் அண்ணன்கள் பிடித்து வைத்த இடம் கண்ணில் வந்து நின்றது. மறுபடி முதலிலிருந்து படித்தேன். மூன்றாவது வரியில் ஒரு தப்பு இருந்தது.

"டாக்டர், முப்பத்தெட்டு இல்ல."

"என்ன?"

"முப்பத்தொன்பது. ஜூன் இருபதாம் தேதித் தாளும் இருபத்தொண்ணாம் தேதித் தாளும் பூச்சிக்கு நறுக்கின ஆப்பிளோட சாறு பட்டு ஒட்டிக்கிட்டு ஒரே தாள் மாதிரி இருக்கு. நீங்க எண்ணும்போது ஒண்ணு விட்டுப் போயிருக்கும்."

அவர் நோட்டை எடுத்தார். விரலை எச்சில் தொட்டு ஒவ்வொரு தாளாக எண்ணினார். இருபதாம் தேதிக்கு வந்ததும் நகத்தால் மெதுவாக உரித்துப் பிரித்தார். உள்ளே என் கையெழுத்து இருந்தது. நோட்டை மூடிவிட்டுத் திரையைத் தன் பக்கம் திருப்பி, ஒரே ஓர் எண்ணை மாற்றினார்.

"வேற ஏதாவது தப்பு இருக்கா?"

"இல்ல, டாக்டர்."

"அப்ப?"

"அனுப்புங்க" என்றேன்.